கணித மேதை இராமாநுஜனாரும் பதின்மூன்று இலக்க எண்ணும்

எண்ணையும் எழுத்தையும் கல்வியின் இரு விழிகளாகக் கொள்வது தமிழர் மரபு. எழுத்தையே பெரிதும் பயின்றுவரும் தமிழ் வகுப்பினராகிய நமக்கு, எண் என்னும் மற்றை விழி சற்று மங்கியே இருக்கின்றதென்பதை மறுத்தற்கில்லை. ஆயினும், அவ்விழியால் இவ்வுலகம் காணாத காட்சிகளைக் கண்ட பெரியார் ஒருவர் நம் காவிரிக் கரையிலே வாழ்ந்தனர் என்பதை நினைக்குந்தோறும் நம் உள்ளம் பூரிக்கின்றது. அவரே ஸ்ரீநிவாச இராமாநுஜனார். அன்னாருடைய வரலாற்றை, அவர் ஆராய்ந்து கண்ட ஒரு பேரெண்ணின் துணைகொண்டு ஈண்டு ஒருவாறு எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

திருச்சிராப்பள்ளியில் வாழ்வோர் சமயபுரத்தை அறியாதிரார். கொள்ளிடத்திற்கு வடக்கே, சென்னை செல்லும் நெடுஞ்சாலையை அடுத்துள்ள அவ்வூரில் மாசித் திங்களில் பூச்சொரிதல் விழாத் தொடங்குங்கால், பூத்தட்டுகளை ஏந்திய மக்கள் கூட்டங் கூட்டமாகச் செல்வதை நாமும் சாலையோரத்தே நின்று கண்டதுண்டு. அங்ஙனம் செல்வோருள் அறுபதின்மர் கொண்ட ஒரு கூட்டத்தை நினைத்துக்கொள்வோம். அவர்களை இருவர் இருவராக நிறுத்தலாம்; மூவர் மூவராகவும், நால்வர் நால்வராகவும், ஐவர் ஐவராகவும், அறுவர் அறுவராகவும் நிறுத்தலாம்; எவ்வரிசையிலும் ஒருவரும் எஞ்சி நில்லார். ஒருவர் குறைந்து ஐம்பத்தொன்பதின்மர் ஆயினரெனின், அல்லது ஒருவர் கூடி அறுபத்தொருவர் ஆயினரெனின், இவ்வரிசைகளுள் ஒன்றேனும் அமையாது. 60 என்னும் எண்ணை மீதமின்றி வகுக்கும் எண்கள் 12 உள. 59, 61 ஆகிய எண்களுக்கோ ஒன்றும் அவ்வெண்ணுமாக இரண்டே உள. நாளொன்றுக்கு 60 நாழிகை என்றும், ஆண்டு வட்டத்திற்கு 60 ஆண்டு என்றும் நம் முன்னோர் வகுத்த கணக்கில், பங்கிடுதற்கு எளிய எண் ஒன்று அமைந்திருத்தலைக் காண்க. எண்களின் இக்குணமே இராமாநுஜனார் புகழ்பெற்ற ஆராய்ச்சிகளுள் ஒன்றிற்குப் பொருளாயிற்று.

பிறப்பும் இளமையும்

இராமாநுஜனார் 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தே பிறந்தனர். தந்தையார் ஸ்ரீநிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல் பாடிவந்த பக்தியுடைய மாது. சாரங்கபாணி சந்நிதித் தெருவிலிருந்த சிறு வீடே இவர்கள் வாழ்ந்த இல்லம்.

குழந்தைக்கு இரண்டாண்டு நிரம்பும் தறுவாயில் வைசூரி கண்டது. அந்நாளில் அந்நோய் புகுந்த வீட்டில் வேப்பிலை கட்டுவதும், அதனை அம்மை என்றே அஞ்சி அழைப்பதும், மாரியம்மனை வேண்டுவதும் வழக்கம். சமயபுரத்துக்குச் செல்லும் கூட்டத்தின் வேண்டுதல்களில் இன்றும் அந்த அச்சத்தின் நினைவு ஒருசிறிது கலந்திருக்கின்றது. வைசூரி உலகினின்று முற்றும் ஒழிந்ததென 1980-இல் அறிவிக்கப்பெற்றது. 1889-இலோ அது எத்துணையோ தாய்மாரின் மடியை வெறுமையாக்கியது. கோமளத்தம்மாளுக்குப் பின்னர்ப் பிறந்த மக்கள் சிலர் சிசுப் பருவத்திலேயே மறைந்தனர். இம்முதற்பிள்ளை மட்டும் தழும்புகளோடு பிழைத்தது. அன்று அச்சிறு விளக்கு அணைந்திருப்பின் உலகம் எதனை இழந்திருக்கும் என்பதை அறிந்தவர் அப்போது ஒருவருமிலர்.

கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் இவர் பயின்றபோது, 1903-ஆம் ஆண்டளவில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று இவர் கைக்குக் கிடைத்தது. சற்றேறக்குறைய 5,000 முடிபுகளை, பெரும்பாலும் நிறுவும் வழி கூறாமலே, நிரல்பட அடுக்கிவைத்த நூல் அது. பிறருக்கு அது வறண்ட பாலை, இவருக்கோ வேட்டைக்காடு. ஒவ்வொரு முடிபையும் தாமே நிறுவிப் பார்த்தார். நிறுவும்போதே புதியன கண்டார். கண்டவற்றைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார்.

தேர்வில் தோல்வி

1904-இல் பள்ளியில் கணிதப் பரிசு பெற்று, உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் புகுந்த இவர், கணிதம் ஒழிந்த பாடங்களை ஏறெடுத்தும் பார்த்தாரில்லை. ஆங்கிலத்தில் தேறாமையின் உதவித்தொகை பறிபோயிற்று. வெட்கம் தாளாது 1905-இல் வீட்டாருக்குச் சொல்லாமலே விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். அடுத்த ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார், நோயுற்றுத் திரும்பினார். எஃப்.ஏ. தேர்வை இருமுறை எழுதி இருமுறையும் தோல்வியுற்றார். ஆக, இன்று கணித உலகமே தலைவணங்கும் இப்பேரறிஞர், இருபதாம் வயதில் பட்டமில்லை, பணியில்லை, பொருளில்லை என்ற நிலையில் திண்ணையில் அமர்ந்து சிலேட்டில் கணக்கெழுதிக் கொண்டிருந்தார். தாளின் விலை தாங்காமையால் சிலேட்டில் எழுதி, முழங்கையாலேயே அழித்து, முடிவை மட்டும் ஏட்டில் குறித்துக்கொள்வது இவர் வழக்கமாயிற்று. தேர்வு முடிவுப் பலகையின் முன் நெஞ்சு படபடக்க நிற்கும் மாணவர் எவரும் இப்பகுதியை இருமுறை படித்தல் நலம்.

இவர் வாழ்வில் நம் மாவட்டத்துக்கும் ஓர் உறவுண்டு. 1909-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள், அந்நாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்ததும் இன்று கரூர் மாவட்டத்தில் உள்ளதுமான குளித்தலை வட்டத்து இராஜேந்திரம் என்னும் சிற்றூரில் இவருடைய திருமணம் நிகழ்ந்தது. மணமகள் ஜானகி அம்மையாருக்கு அப்போது வயது பத்து. அவ்வம்மையாரைப் பற்றிப் பின்னரும் கூறுவோம்.

சென்னையும் கேம்பிரிட்ஜும்

மணம் செய்துகொண்டபின் பிழைப்புத் தேடும் கடமை வந்தது. குறிப்பேடுகளைக் கையிலேந்திக்கொண்டு 1910-இல் திருக்கோவலூரில் துணைக் கலெக்டராயிருந்த இராமசாமி ஐயரைக் கண்டார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் அவரே. அவர் வழியாகவும் பேராசிரியர் சேஷு ஐயர் வழியாகவும் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவின் அறிமுகம் கிட்டியது. ராவ் அவர்கள் திங்கள்தோறும் 25 ரூபா தம் கையினின்று உதவிவந்தார். பிறர் பொருளில் வாழ மனமில்லாத இராமாநுஜனார், 1912 மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபா ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார்.

1913 ஜனவரி 16-ஆம் நாளிட்டு, கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரிப் பேரறிஞர் ஹார்டிக்கு, தாம் கண்ட முடிபுகள் பலவற்றை எழுதி ஒரு கடிதம் விடுத்தார். வேறு ஆங்கிலப் பேராசிரியர் இருவர் முன்னரே இவரைப் பொருட்படுத்தாது விட்டனர். ஹார்டியோ, தம் நண்பர் லிட்டில்வுட்டோடு அமர்ந்து அக்கடிதத்தை ஆராய்ந்து, எழுதியவர் முதல்தர மேதை என்று தெளிந்தார். சென்னைப் பல்கலைக் கழகம் 75 ரூபா ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. மிஷன் கல்லூரியினராகிய நாம் மகிழ்தற்குரிய செய்தியொன்றும் ஈண்டு உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் ராஸ் அவர்களும் இவரது திறமையை இந்நாட்டில் அறிந்து வியந்தோருள் ஒருவர்.

கடல் கடத்தல் குல வழக்கத்துக்கு மாறென்பது பெருந்தடையாக நின்றது. நாமக்கல் நாமகிரித் தாயார் இவர் குடும்பத்தின் வழிபடு தெய்வம். அத்தாயாரின் அருளாணை கனவில் கிட்டியதாகக் கொண்டே அன்னையார் இசைந்தனர் என்பர். தம் கணித முடிபுகளையும் அத்தெய்வத்தின் கொடையென்றே இராமாநுஜனார் கருதிவந்தார். நம் வழிபாடு வேறாயினும், தமக்குக் கிடைத்த அறிவைத் தமதென்று எண்ணிச் செருக்காத அவ்வடக்கத்தை நாம் போற்றாதிருத்தல் இயலாது. 1914 மார்ச்சு 17-ஆம் நாள் கப்பலேறி, ஏப்ரல் 14-ஆம் நாள் இலண்டன் அடைந்தார்.

பேரெண்

அவ்வாண்டிலேயே ஐரோப்பியப் பெரும்போர் மூண்டது. கல்லூரி மாணவரும் ஆசிரியரும் போர்முனைக்குச் செல்ல, குளிரிலும் தனிமையிலும் தம் உணவைத் தாமே சமைத்துக்கொண்டு இவர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று, நாம் தொடக்கத்தில் கூறிய வகுக்கும் எண்களைப் பற்றியது. தன்னினும் சிறிய எண் ஒவ்வொன்றையும்விட மிகுதியான வகுத்திகளை உடைய எண்ணை மிகுபகு எண் என்னலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என இவ்வரிசை செல்லும். கிரேக்க ஞானி பிளேட்டோ தாம் வகுத்த நகரில் 5,040 குடிகள் இருத்தல் வேண்டுமென்று கொண்டதும் பங்கிடுதற்கு எளிதென்னும் இக்காரணம் பற்றியே. 5,040-க்கு வகுத்திகள் 60. அதுவும் ஒரு மிகுபகு எண்ணே.

1915-இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் இராமாநுஜனார் இவ்வெண்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதில் 102 மிகுபகு எண்களை வரிசைப்படுத்திக் காட்டினார். அவ்வட்டவணையின் இறுதியில் நிற்பது 6746328388800 என்னும் எண். தமிழ் முறையில் இதனை ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு என்று படித்தல் வேண்டும்.

இதன் அமைப்பைக் காண்போம். 2-ஐ ஆறு முறையும், 3-ஐ நான்கு முறையும், 5-ஐயும் 7-ஐயும் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் வைத்துப் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். வகுத்திகளைக் கணக்கிட, அவற்றை ஒன்றொன்றாக எழுதவேண்டுவதில்லை. 2 ஆறு முறை வருதலின், ஒரு வகுத்தியில் அதனை ஒருமுறையும் சேர்க்காது விடலாம், ஒருமுறை சேர்க்கலாம், இவ்வாறே ஆறு முறை வரையில் சேர்க்கலாம்; ஆக ஏழு வழிகள். அங்ஙனமே 3-க்கு ஐந்து, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, எஞ்சிய ஐந்து எண்களுக்கும் இவ்விரண்டு வழிகள். இவையனைத்தையும் பெருக்க வருவது 10,080. இத்தனை எண்கள் அவ்வொரு பேரெண்ணை மீதமின்றி வகுக்கும். 1 முதல் 28 வரையுள்ள எண்கள் அனைத்தும் அதனை வகுக்கும், 29 வகுக்காது. அன்றியும், 10,080 என்பதே ஒரு மிகுபகு எண்ணாக அமைந்திருத்தல் வியத்தற்குரியது.

இவ்வெண்களின் இலக்கணத்தையும் அவர் நிறுவினார். பெருக்கில் சிறிய பகா எண்ணைவிடப் பெரியது மிகுதியாக வருதல் இல்லை. இடையில் எப்பகா எண்ணும் விடுபடுதல் இல்லை. இறுதிப் பகா எண் ஒருமுறையே வரும். இவ்விதிக்கு 4, 36 ஆகிய இரண்டே விலக்கு. நன்னூல் சூத்திரம்போல் இஃது எத்துணைச் சுருக்கமாகவும் செறிவாகவும் இருக்கின்றது!

சங்கத்தின் பொருள் நெருக்கடியால் அக்கட்டுரையின் பிற்பகுதி அன்று அச்சேறவில்லை. பிரெஞ்சுக் கணித அறிஞர் இருவரின் முயற்சியால் அப்பகுதி 1997-இல் வெளிவந்தது. வெளிவந்த முற்பகுதியின் சிறப்பே போதியதாயிற்று. எஃப்.ஏ. தேறாத இளைஞருக்கு, இவ்வாராய்ச்சிக்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் வழங்கியது.

விடுபட்ட எண்

இனி நாம் கூறப்போவது புகழ்மாலைகளில் பெரும்பாலும் காணப்படாத செய்தி. அவ்வட்டவணையில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. 240940299600 என்னும் எண்ணை அடுத்து 321253732800 என்னும் எண் நிற்கின்றது. முன்னதற்கு வகுத்திகள் 4,800; பின்னதற்கு 5,376. இவ்விரண்டுக்கும் இடையே 293318625600 என்னும் எண் நின்றிருத்தல் வேண்டும். அதன் வகுத்திகள் 5,040, அதாவது பிளேட்டோ விரும்பிய அதே தொகை. முந்தியதைவிட மிகுதியாதலின் அதுவும் மிகுபகு எண்ணே.

இதனைப் படித்தபோது முதலில் நாம் சற்றே திடுக்கிட்டோம். இத்துணைப் பெரியாரும் தவறுவரோ என்று உள்ளம் வருந்தியது. பின்னர், விடுதியில் கணிதம் பயிலும் நண்பரொருவரின் துணைகொண்டு, விடுபட்ட எண்ணைத் தாளில் எழுதி 23-ஆல் பெருக்கிப் பார்த்தோம். வந்தது 6746328388800! அட்டவணையின் இறுதியில் நிற்கும் பேரெண், விடுபட்ட எண்ணை இருபத்து மூன்று மடங்காக்கியதேயன்றி வேறன்று. வரிசையில் இடம்பெறாத எண், வரிசைக்கு முடியாய் நிற்கும் எண்ணின் உள்ளே அமைதியாக உறைந்திருந்தது. எந்திரத்தின் துணையின்றிக் கையாலேயே கணக்கிட்டு 102 எண்களைத் தவறின்றி நிறுத்தியவரின் பெருமை ஒன்று விடுபட்டமையால் குறைந்துவிடுமோ? தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுக் காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் உவமை நம் நினைவுக்கு வந்தது. பின்வந்தோர் அவ்வோர் எண்ணைத் தேடிக் கண்டெடுத்ததும் அவர் காட்டிய வழியிலே நின்றுதான். அறிவுத் துறையில் ஒருவர் விட்டதை மற்றொருவர் நிரப்புதல் முன்னோரை இகழ்தலாகாது; அவர் தொடங்கிய பணியை முடித்தலேயாகும்.

இறுதி

1917 முதல் நோய் இவரைப் பற்றியது. புட்னி மருத்துவ விடுதியில் இவரைக் காணவந்த ஹார்டியின் வாடகை வண்டி எண் 1729 இருவகையாக இரு கனங்களின் கூட்டலாக வரும் மிகச் சிறிய எண் என்று இவர் உடனே கூறிய செய்தி யாவரும் அறிந்ததே. பன்னிரண்டின் கனமும் ஒன்றின் கனமும், பத்தின் கனமும் ஒன்பதின் கனமும் அவை. 1918-இல் இராயல் சங்கத்தின் உறுப்பினர் பதவியும், டிரினிட்டிக் கல்லூரியின் உறுப்பினர் பதவியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. புகழ் வளர வளர உடல் தேய்ந்தது. 1919 மார்ச்சில் தாய்நாடு திரும்பினார். காவிரிக் கரைக் கொடுமுடியிலும், பின்னர்க் கும்பகோணத்திலும், இறுதியாகச் சென்னைச் சேத்துப்பட்டிலும் தங்கி மருத்துவம் செய்தும் பயனில்லை. படுக்கையிலிருந்தவாறே புதிய கணிதங்களை எழுதிக்கொண்டிருந்த அவர், 1920 ஏப்ரல் 26-ஆம் நாள், தம் முப்பத்திரண்டாம் வயதில் இவ்வுலகை நீத்தார். சயரோகம் என்று அன்று கருதப்பட்ட அந்நோய், அமீபாக் கிருமியால் கல்லீரலில் உண்டான நோயாக இருக்கலாமென 1994-இல் மருத்துவ அறிஞர் ஒருவர் ஆராய்ந்து எழுதினார். அஃது அன்றே கண்டறிந்தால் தீர்த்திருக்கக்கூடிய நோய் என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் கனக்கின்றது.

அவர் இறுதி நாட்களில் எழுதிய தாள்கள் 1976-இல் டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்க அறிஞரால் கண்டெடுக்கப்பெற்றன. அவை இன்றும் ஆராயப்பட்டு வருகின்றன. அத்தாள்களுக்குரியவருக்கு அந்நாட்களில் பணிவிடை செய்தவர் இராஜேந்திரத்து ஜானகி அம்மையார். கணவரோடு அவர் இணைந்து வாழ்ந்த காலம் மிகச் சிறிது. கணவரை இழந்து வாழ்ந்ததோ எழுபத்து நான்கு ஆண்டு. தையல் தொழில் கற்று, தம் கையுழைப்பால் திருவல்லிக்கேணியில் வாழ்ந்து, 1994-இல் அவ்வம்மையார் மறைந்தார். இராமாநுஜனாரின் வரலாற்று அட்டவணையிலும் பலகாலம் விடுபட்டு நின்ற பெயர் இதுவே. விடுபட்ட எண் பேரெண்ணின் உள்ளே நின்றதுபோல, இவ்வம்மையாரின் பொறுமையும் அப்பெரும்புகழின் உள்ளே நிற்கின்றது.

மாணவ நண்பர்களே! ஆண்டவன் ஒவ்வொருவருக்கும் அளித்த தாலந்து வெவ்வேறு. இராமாநுஜனார் தமக்களிக்கப்பட்டதை மண்ணிற் புதைத்து வைத்தாரில்லை. வறுமையும் தோல்வியும் நோயும் தடுத்தபோதும் அதனைப் பன்மடங்காக்கி உலகுக்கு அளித்துச் சென்றார். அடுத்த மாசியில் சமயபுரச் சாலையில் வரிசை வரிசையாகச் செல்லும் மக்களைக் காணும்போது, எஞ்சி நிற்பார் எவருமின்றி அனைவரையும் வரிசைப்படுத்தும் எண்களைத் தேடிய அவ்விளைஞரை நினைப்போமாக. நம்மிடையே தேர்வில் தவறி வரிசையினின்று விடுபட்டு நிற்கும் தோழர் எவரேனும் இருப்பின், அவரையும் நம்மோடு சேர்த்து எண்ண மறவாதிருப்போமாக.